ஆங்கிலம் கற்றுவரும் மாணவருக்குத் தனி ஆசிரியர்: அமெரிக்கப் பள்ளிகளின் ஏற்பாடு

அமெரிக்கப் பொதுப்பள்ளிகளில் ஏறத்தாழ பத்து மாணவருக்கு ஒருவர் 'ஆங்கிலம் கற்றுவருபவர்' என்ற பட்டியலில் இருக்கிறார். மொத்த எண்ணிக்கை 50 லட்சத்துக்கும் மேல். இவர்களில் ஏறக்குறைய முக்கால் பங்கினரின் வீட்டு மொழி ஸ்பானியம். அரபி, சீனம் முதலியவை அடுத்து வருகின்றன. எல்லோரும் புதிதாகக் குடியேறியவர்கள் அல்லர். பெரும்பாலோர் அமெரிக்காவிலேயே பிறந்தவர்கள். இவர்களுக்குக் கற்பிப்பதற்கென்றே பயிற்சி பெற்றவர்கள் இ.எஸ்.எல். (இரண்டாம் மொழியாக ஆங்கிலம்) ஆசிரியர்கள். ஆங்கிலத்தைத் தனிப் பாடமாக நடத்துவதோடு இவர்கள் வேலை முடிவதில்லை. கணக்கும் அறிவியலும் வரலாறும் ஆங்கிலத்தில் நடக்கும்போது மாணவர் பின்தங்கிவிடாமல் பார்த்துக்கொள்வதும் இவர்கள் பொறுப்பே.

வழக்கில் பிறந்த உரிமை

1970-களின் தொடக்கத்தில் சான் பிரான்சிஸ்கோ பள்ளிகளில் ஆங்கிலம் அறியாத சீன வம்சாவளி மாணவர் சுமார் 1,800 பேருக்கு எந்தத் தனி உதவியும் கிடைக்கவில்லை. அவர்கள் சார்பில் தொடரப்பட்ட 'லாவ் எதிர் நிக்கோல்ஸ்' வழக்கில் 1974-இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. எல்லோருக்கும் ஒரே புத்தகம், ஒரே ஆசிரியர் என்பதாலேயே சமத்துவம் வந்துவிடாது. பாடம் புரியாத மாணவரை அப்படியே விட்டுவிடுவது 1964-ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டத்தை மீறுவதாகும் என்றது நீதிமன்றம். ஆனால் எந்த முறையில் உதவ வேண்டும் என்று அது சொல்லவில்லை.

அதற்கான அளவுகோலை, டெக்சஸிலிருந்து வந்த 'காஸ்டன்யேடா எதிர் பிக்கார்ட்' வழக்கில் 1981-இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் வகுத்தது. திட்டத்துக்குக் கல்வியியல் அடிப்படை இருக்க வேண்டும். அதை நடத்தப் போதிய ஆசிரியரும் கருவிகளும் வேண்டும். பலன் தருகிறதா என்று சோதித்து, இல்லையென்றால் மாற்ற வேண்டும். இரண்டாவது நிபந்தனையால், பயிற்சி பெற்ற ஆசிரியரை வைப்பது பள்ளியின் சட்டக் கடமையாயிற்று.

யாருக்கு இந்த வகுப்பு?

பள்ளியில் சேர்க்கும்போதே, வீட்டில் எந்த மொழி பேசப்படுகிறது என்று பெற்றோரிடம் ஒரு படிவம் தரப்படும். ஆங்கிலமல்லாத மொழி என்று பதில் வந்தால் குழந்தைக்குத் தேர்வு உண்டு. கேட்டல், பேசல், படித்தல், எழுதுதல் ஆகிய நான்கும் அளக்கப்படும். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த 'விடா' அமைப்பின் அளவீட்டைப் பல மாநிலங்கள் பின்பற்றுகின்றன. அதில் ஆறு நிலைகள். கலிஃபோர்னியா 'எல்பாக்' என்ற சொந்தத் தேர்வை நடத்துகிறது. பட்டியலில் சேர்க்கப்பட்டவருக்கு அதன்பின் ஆண்டுதோறும் தேர்வு தொடரும்.

இந்த இடத்தில் நேரக்கூடிய பெரிய பிழை, ஆங்கிலம் வராததை அறிவுக் குறைபாடு என்று எண்ணிவிடுவது. கலிஃபோர்னியாவில் ஸ்பானியம் பேசும் குழந்தைகளை ஆங்கிலத்தில் சோதித்து, மூளை வளர்ச்சி குன்றியோருக்கான வகுப்பில் சேர்த்ததை எதிர்த்து 'டயானா' வழக்கு தொடரப்பட்டது. 1970-இல் அது சமரசத்தில் முடிந்தது. தாய்மொழியிலும் சோதிக்க வேண்டும் என்பது அதன் விளைவு.

பேச்சும் பாடமொழியும்

விளையாட்டுத் திடலில் சரளமாகப் பேசும் மாணவர் அறிவியல் புத்தகத்தின் ஒரு பக்கத்தைப் புரிந்துகொள்ளத் திணறுவது உண்டு. இந்த வேறுபாட்டைக் கனடா அறிஞர் ஜிம் கம்மின்ஸ் 1979-இல் கோட்பாடாக்கினார். அன்றாடப் பேச்சு சுமார் இரண்டு ஆண்டுகளில் கைவரும். பாடங்களுக்கு வேண்டிய மொழித்திறனில் சக மாணவரை எட்ட ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் வரை ஆகும் என்பது அவர் கணிப்பு. "நன்றாகத்தான் பேசுகிறானே" என்று வகுப்பாசிரியர் உதவியை நிறுத்தப் பார்க்கும்போது, இ.எஸ்.எல். ஆசிரியர் எடுத்துக்காட்டுவது இந்த இடைவெளியைத்தான்.

ஒரு பாடவேளையில்

ஐந்தாம் வகுப்பில் நீர் ஆவியாதல் பாடம் என்று வைத்துக்கொள்வோம். பலகையில் இரண்டு நோக்கங்கள் எழுதப்படும். நீர் எப்படி ஆவியாகிறது என்று விளக்குவது அறிவியல் நோக்கம்; காரணத்தையும் விளைவையும் ஒரே வாக்கியத்தில் இணைத்துச் சொல்வது மொழி நோக்கம். இரண்டு கிண்ணங்களில் தண்ணீர் ஊற்றி, ஒன்றை வெயிலிலும் ஒன்றை நிழலிலும் வைத்து, நீர்மட்டத்தைக் கோடிட்டுக் குறிக்கிறார்கள். ஆங்கிலத்துக்குப் புதியவர் படம் வரைந்து, அம்புக்குறி இட்டு, ஒரு சொல் எழுதினால் போதும். இடைநிலையில் உள்ளவர், ஆசிரியர் எழுதித்தந்த அரைகுறை வாக்கியத்தின் இரண்டு காலியிடங்களை நிரப்புகிறார். மேல்நிலையில் உள்ளவர் துணையின்றி ஒரு பத்தி எழுதுகிறார். மூவருக்கும் அறிவியல் ஒன்றே. மொழித் துணையின் அளவுதான் வேறு. மாணவர் தேறத் தேற அந்தத் துணையைக் குறைத்துக்கொண்டே போக வேண்டும்.

புதிதாக வந்த சிலர் மாதக்கணக்கில் வாய் திறப்பதில்லை. அந்த நாட்களில் அவர்கள் கேட்டுக் கற்கிறார்கள் என்பதால் வற்புறுத்திப் பேசவைக்காமல், சைகையையும் சுட்டிக்காட்டலையும் பதிலாக ஏற்பதே வழக்கம்.

தனி அறையா, அதே வகுப்பா?

சில பள்ளிகளில் மாணவரைச் சிறு குழுவாக வெளியே அழைத்துச் சென்று கற்பிக்கிறார்கள். அப்போது வகுப்பில் நடக்கும் பாடம் தவறிப்போகிறது. வேறு சில பள்ளிகளில் இ.எஸ்.எல். ஆசிரியரே வகுப்புக்குள் வந்து பாட ஆசிரியருடன் சேர்ந்து நடத்துகிறார். இதற்கு இருவரும் கலந்து திட்டமிட நேரம் வேண்டும். அது இல்லாத பள்ளியில் மொழி ஆசிரியர் வெறும் உதவியாளராகிவிடுகிறார். தாய்மொழிக்கு எவ்வளவு இடம் என்பது அரசியல் சர்ச்சையாகவும் இருந்திருக்கிறது. கலிஃபோர்னியா வாக்காளர்கள் 1998-இல் இருமொழிக் கல்வியைக் கடுமையாகக் கட்டுப்படுத்தி, 2016-இல் அந்தக் கட்டுப்பாட்டை நீக்கினார்கள்.

தகுதியும் பற்றாக்குறையும்

தகுதியை ஒவ்வொரு மாநிலமும் தானே வரையறுக்கிறது. நியூயார்க்கில் இதற்குத் தனிச் சான்றிதழ் உண்டு. ஃபுளோரிடாவில் 1990-ஆம் ஆண்டின் நீதிமன்ற உடன்பாட்டின்படி, இத்தகைய மாணவருக்கு மொழிப்பாடம் எடுப்பவர் 300 மணி நேரப் பயிற்சியோ அதற்கு ஈடான கல்லூரிப் படிப்போ முடிக்க வேண்டும். மொழியியல், இரண்டாம் மொழி கற்றல், மதிப்பீடு ஆகியவை பயிற்சியின் பொதுவான பகுதிகள். இருந்தும் பல மாநிலங்கள் இந்தப் பிரிவை ஆசிரியர் பற்றாக்குறைப் பட்டியலில் ஆண்டுதோறும் காட்டிவருகின்றன.

பட்டியலிலிருந்து வெளியேறுதல்

தேர்வில் உரிய நிலையை எட்டியவர் பட்டியலிலிருந்து விடுவிக்கப்படுகிறார். பல ஆண்டுகள் ஆகியும் எட்டாதவர்களை 'நீண்டகாலக் கற்போர்' என்று தனியே வகைப்படுத்துகிறார்கள். இவர்களுக்குப் பெரும்பாலும் பேச்சில் குறையில்லை, படிப்பதிலும் எழுதுவதிலும்தான் தடை. விடுவிக்கப்பட்டவரையும் குறைந்தது இரண்டு ஆண்டுகள் பள்ளி கண்காணிக்க வேண்டும். மொழித் தடையால் மீண்டும் பின்தங்கினால், அவரைத் திரும்பச் சோதித்து, தேவையான உதவியைத் தர வேண்டும்.