ஸ்கேனும் ஆபரேஷனும் ஒரே அறையில்... விபத்து சிகிச்சையில் 21 நிமிடங்களை மிச்சப்படுத்திய ஒசாகா!

விபத்தில் அடிபட்டவரை எமர்ஜென்சிக்குள் அனுப்பிவிட்டு வெளியே பதறிக்கொண்டு நிற்பவர்களுக்குக் கிடைக்கும் முதல் தகவல் பெரும்பாலும் இதுதான்: "ஸ்கேனுக்குக் கொண்டுபோயிருக்காங்க." கொஞ்ச நேரம் கழித்து, "தியேட்டருக்கு மாத்துறாங்க."

கேட்கும் நமக்கு, சிகிச்சை நடக்கிறது என்று ஓர் ஆறுதல். ஆனால் டாக்டர்கள் அதிகம் பயப்படுவதே இந்த 'கொண்டுபோகும்' நிமிடங்களைப் பார்த்துத்தான்.

உடலுக்குள் ரத்தம் கசிந்துகொண்டிருக்கும் ஒருவரை ஸ்ட்ரெச்சரிலிருந்து ஸ்கேன் மேஜைக்கு, மறுபடி ஸ்ட்ரெச்சருக்கு, பிறகு ஆபரேஷன் டேபிளுக்கு என்று மாற்றி மாற்றித் தூக்க வேண்டும். தொண்டையில் செருகிய டியூப், டிரிப்ஸ், ரத்தப் பை எல்லாம் கூடவே நகர வேண்டும். இடுப்பெலும்பு உடைந்திருந்தால், அசைக்கும்போது உறைந்த ரத்தம் கலைந்து மீண்டும் கசியத் தொடங்கலாம். சி.டி ஸ்கேன் வளையத்துக்குள் இருக்கும்போது பிரஷர் சரிந்தால், அங்கேயே வயிற்றைத் திறக்கவும் வழியில்லை. ஜப்பான் டாக்டர்கள் சி.டி-க்கு வைத்த பட்டப்பெயர், 'மரணச் சுரங்கம்'!

அதனால், பிரஷர் நிலையாக இல்லாதவரை சி.டி-க்கு அனுப்பக் கூடாது என்பது நெடுநாள் விதி. சிக்கல் என்னவென்றால், எங்கே கசிகிறது என்று உடனே தெரிய வேண்டியதும் அவருக்குத்தான்.

ஜப்பானின் ஒசாகா ஜெனரல் மெடிக்கல் சென்டர் 2011 ஆகஸ்ட்டில் இதற்கு ஒரு வழி செய்தது. நோயாளியை சி.டி அறைக்குக் கொண்டுபோவதற்குப் பதிலாக, சி.டி மெஷினையே எமர்ஜென்சி அறைக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். பெயர், ஹைப்ரிட் இ.ஆர்.

ஆம்புலன்ஸிலிருந்து இறக்கியதும் நோயாளியைப் படுக்கவைக்கும் மேஜைதான் கடைசிவரை மேஜை. தரையில் பதித்த தண்டவாளத்தில் ஸ்கேன் வளையம் நகர்ந்து வந்து, தலை முதல் இடுப்பு வரை படம் எடுத்துவிட்டுப் பின்வாங்கிவிடும். உடனே அதே மேஜையில் ஆபரேஷன் தொடங்கலாம். கல்லீரலிலோ இடுப்பிலோ ரத்தக்குழாய் கிழிந்திருந்தால், தொடை வழியாக மெல்லிய டியூபைச் செலுத்தி உள்ளேயே அடைக்கும் ஆஞ்சியோ வசதியும் அங்கேயே இருக்கிறது. தலையிலும் வயிற்றிலும் ஒருசேர அடிபட்டவர்களுக்குத்தான் இது பெரிய வரம். 'முதலில் எதைப் பார்ப்பது?' என்று திணற வேண்டியதில்லை. ஒரு டீம் மண்டை ஓட்டைத் திறக்கும்போதே இன்னொரு டீம் வயிற்றில் ரத்தத்தை நிறுத்தலாம்.

பலன் கிடைத்ததா? இந்த அறை வருவதற்கு முந்தைய நான்கு ஆண்டுகளில் வந்த 336 பேரையும், பிந்தைய நான்கு ஆண்டுகளில் வந்த 360 பேரையும் அந்த மருத்துவமனை டாக்டர்களே ஒப்பிட்டார்கள். எல்லோரும் படுகாயம் அடைந்தவர்கள். வந்து சேர்ந்ததிலிருந்து சி.டி தொடங்க முன்பு 26 நிமிடங்கள் ஆனது, 11 ஆகக் குறைந்தது. அவசர ஆபரேஷன் அல்லது ஆஞ்சியோ தொடங்க 68 நிமிடங்கள் ஆனது, 47 ஆனது. காயத்தின் தீவிரத்தைக் கணக்கில் எடுத்துப் பார்த்தபோது, 28 நாள்களுக்குள் இறக்கும் வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகியிருந்தது. ரத்தம் வடிந்தே இறப்பது அதைவிடவும் குறைந்திருந்தது.

சரி, எல்லோருக்கும் சீக்கிரம் ஸ்கேன் எடுத்தாலே போதுமா? நெதர்லாந்து, சுவிட்சர்லாந்து மருத்துவமனைகளில் 1,083 பேரை வைத்து இதைச் சோதித்து, 2016-ல் 'லான்செட்' இதழில் வெளியிட்டார்கள். வந்ததும் முழு உடல் சி.டி எடுத்தவர்களிலும், வழக்கமான முறையில் பார்த்தவர்களிலும் இறந்தவர்கள் அதே 16 சதவிகிதம்தான். உடனடி ஆபரேஷன் தேவைப்பட்ட மிக மோசமான நிலையில் இருந்தவர்கள் அந்த ஆய்வில் இல்லை என்பதால் இரண்டையும் நேராக ஒப்பிட முடியாது. ஆனாலும், படம் சீக்கிரம் கிடைத்தால் மட்டும் போதாது, படத்தைப் பார்த்த அதே இடத்தில் கை வேலையைத் தொடங்க வேண்டும் என்றே எனக்குப் படுகிறது.

ஒசாகா கணக்கிலும் கேள்விகள் உண்டு. அது ஒரே மருத்துவமனையின் முன்-பின் ஒப்பீடு. அந்த ஆண்டுகளில் சிகிச்சையில் வந்த மற்ற முன்னேற்றங்களுக்கும் இதில் பங்கு இருக்கலாம். செலவோ, எந்த மருத்துவமனையும் எளிதில் தாங்கக்கூடியதல்ல. மெஷினை வாங்கிவிட்டால் மட்டும் ஆகாது. சர்ஜன், ஆஞ்சியோ செய்யும் டாக்டர், மயக்க மருந்து நிபுணர், ஸ்கேன் டெக்னீஷியன் எல்லோரும் நள்ளிரவு 2 மணிக்கும் ஓடிவரும் தூரத்தில் இருக்க வேண்டும்.

இன்னொரு சந்தேகமும் வரும். ஒருவர் ஆபரேஷனில் இருக்கும்போது அடுத்த ஆம்புலன்ஸ் வந்து நின்றால்? அதற்கும் ஜப்பானில் ஓர் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு அறைகள், இரண்டுக்கும் பொதுவாக ஒரே தண்டவாளம். முதல் அறையில் ஆபரேஷன் நடந்துகொண்டிருக்க, ஸ்கேன் வளையம் நடுக்கதவைத் தாண்டி அடுத்த நோயாளியிடம் போய்விடும்.