பழைய காருக்குப் புதிய எஞ்சின்: முதலில் பிறேக், பின்னரே வேகம்

பேசாலையிலிருந்து மன்னார் நகருக்குச் செல்லும் வீதியில் இரவு வேளையில் வாகனம் செலுத்தியவர்கள் கழுதைகளை மறந்திருக்க மாட்டார்கள். முன்விளக்கின் வெளிச்சம் முகத்தில் பட்டாலும் நடுவீதியை விட்டு அசையாதவை அவை. போருக்குப் பின்னர் புனரமைக்கப்பட்ட இவ்வீதியில் 1950களில் தயாரான மொறிஸ் மைனர் அல்லது ஒஸ்ரின் ஏ 40 கார் ஒன்று, யப்பானிய எஞ்சின் ஒன்றின் வலுவுடன் மணிக்கு 70 கிலோமீற்றர் வேகத்தில் வருகிறது என வைத்துக்கொள்வோம். கழுதைக்கு முன்னால் அது நிற்குமா? பழைய காரைப் புதுப்பிக்க விரும்பும் எவரும் எஞ்சினை விலை பேசுவதற்கு முன்னர் கேட்க வேண்டிய கேள்வி இதுவேயாகும்.

வடபுலத்து மக்கள் பழைய கார்களைப் பேணி வந்தமைக்கு ரசனை மட்டும் காரணமன்று. 1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் கார் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பின்னர் தெற்கில் யப்பானிய வாகனங்கள் பெருகின. வடக்கிலோ விரைவிலேயே போர் மூண்டது. 1990இன் பின்னர் யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் வன்னியிலும் பொருளாதாரத் தடையால் பெற்றோல் கிடைக்காதபோது, சில துளி பெற்றோலைக் கொடுத்து எஞ்சினை இயக்கிவிட்டுப் பின்னர் மண்ணெண்ணெயில் ஓட வைத்தார்கள் நமது மெக்கானிக்குகள். ஏ 40 போன்ற கார்களின் எஞ்சின்களில் அமுக்க விகிதம் குறைவாக இருந்தமையாலேயே இது சாத்தியமாயிற்று. புதிய கார் எதுவும் அந்த மண்ணெண்ணெயை ஏற்றிருக்காது. எனினும் எரியாத மண்ணெண்ணெய் எஞ்சின் ஒயிலில் கலந்து உட்பாகங்களைத் தின்றது. அக்காலத்தைக் கடந்து வந்த எஞ்சின்கள் பல களைத்துப்போனமைக்கு இதுவும் ஒரு காரணம்.

கியூபாவிலும் இதே கதைதான். அமெரிக்கத் தடையால் புதிய உதிரிப்பாகம் காணாத 1950களின் பெரிய கார்கள், ஹவானா வீதிகளில் டீசல் எஞ்சின்களுடன் இன்றும் வாடகைக்கு ஓடுகின்றன. இந்தியாவின் அம்பாசடர் காருக்கு அதனைத் தயாரித்த நிறுவனமே 1990களில் இசுசு 1.8 லீற்றர் எஞ்சினையும் ஐந்து கியர் பெட்டியையும் பொருத்தியது. ஆகவே எஞ்சின் மாற்றுவது ஏதோ குற்றச் செயல் போலச் சிலர் பேசுவதை நாம் ஏற்பதற்கில்லை. 2020 மார்ச்சில் இடைநிறுத்தப்பட்ட தனியார் கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதிக்கப்பட்ட போதிலும், வரிச்சுமையைக் கேட்டவுடன் திரும்பி நடப்பவர்களே அதிகம். கையிலுள்ள காரைச் சீர்செய்து ஓட்டுவது பலருக்கு ஒரே வழியாக உள்ளது.

ஆனால் எதை முதலில் மாற்றுவது என்பதில்தான் தவறு நேர்கிறது. 1098 சீசீ மொறிஸ் மைனரின் மூல எஞ்சின் தந்தது ஏறத்தாழ 48 குதிரைவலு. அந்த வலுவுக்கும் அக்கால வீதிகளுக்கும் ஏற்பவே நான்கு சில்லுகளுக்கும் டிரம் பிறேக் அமைத்தார்கள். ஒரு வாகனத்தின் வேகம் 50 கிலோமீற்றரிலிருந்து 70 ஆகும்போது, நிறுத்துவதற்காக பிறேக் உறிஞ்ச வேண்டிய சக்தி ஏறத்தாழ இரண்டு மடங்காகின்றது. மேலும் அக்கால பிறேக் எண்ணெய்க் குழாய்கள் ஒரே சுற்றில் இணைந்தவை. ஓரிடத்தில் வெடித்தால் நான்கு சில்லுகளிலும் பிறேக் இல்லை.

இங்கேதான் பேசாலையின் உப்புக் காற்று குறுக்கிடுகின்றது. இருபுறமும் கடல் சூழ்ந்த தீவில் இரும்பு எவ்வளவு விரைவில் அழியும் என்பதைக் கடற்றொழிலாளருக்கு நாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை. மீன் பெட்டி ஏற்றிய காரென்றால் வடியும் உப்புநீரும் சேர்ந்துவிடும். மொறிஸ் மைனரின் பிறேக் மாஸ்ரர் சிலிண்டர் சாரதியின் காலடியில், தரைத் தகட்டுக்குக் கீழே அமைந்துள்ளது. குழாய்களும் அடியிலேயே ஓடுகின்றன. எனவே முதற்செலவு எஞ்சினுக்கன்று. பழைய இரும்புக் குழாய்களை அகற்றிச் செப்பு-நிக்கல் கலவைக் குழாய் இடுவதும், இரட்டைச் சுற்று மாஸ்ரர் சிலிண்டர் பொருத்துவதுமே முதலில் ஆகவேண்டியவை. முன்சில்லுகளுக்கு டிஸ்க் பிறேக் போடுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டிரம் பிறேக்குக்கென அமைந்த சிலிண்டர் குழாய்களில் சிறிதளவு அழுத்தத்தை எப்போதும் தேக்கி வைத்திருக்கும். அதே சிலிண்டரை டிஸ்க்குடன் இணைத்தால் பிறேக் விடுபடாமல் உரசிச் சூடேறும்.

அடுத்தது ஸ்ரியறிங். இரண்டு கார்களையும் ஒன்றாகக் கருதுவது பெருந்தவறு. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வெளிவந்த மொறிஸ் மைனரில் தொடக்கம் முதலே பற்சட்டமும் பற்சில்லும் கொண்ட, 'ராக்' எனப்படும் ஸ்ரியறிங் உண்டு. இன்றைய கார்களிலும் இருப்பது அடிப்படையில் அதுவே. அதனைக் கழற்றி எறிந்துவிட்டு வேறொன்றைப் பொருத்துவதில் பயனில்லை. தேய்ந்த மூட்டுகளை மாற்றினால் போதும். அக்காரின் உண்மையான பலவீனம் முன்சில்லைத் தாங்கும் கீழ் மூட்டாகும். கிறீஸ் இல்லாமல் தேய்ந்தால் சில்லு மடிந்து கார் ஓரிடத்தில் குந்திவிடும். கடலோரத்தில் அதற்கு அடிக்கடி கிறீஸ் ஏற்றுவது, எந்தப் புதிய பாகத்தையும் விடப் பெறுமதியானது.

ஒஸ்ரின் ஏ 40இல் நிலைமை வேறு. அதன் ஸ்ரியறிங் பெட்டி தேய்ந்தால் சக்கரத்தைச் சற்றுத் திருப்பினாலும் சில்லு திரும்பாத ஒரு 'ஆட்டம்' உண்டாகும். இதற்காக வேறு காரின் ராக்கைப் பொருத்துவோர் உளர். ராக்கின் இரு முனை மூட்டுகளும் முன்சில்லைத் தாங்கும் கைகளின் அளவுக்கும் உயரத்துக்கும் பொருந்தாவிட்டால், பள்ளத்தில் இறங்கும் ஒவ்வொரு முறையும் சில்லு தானாகவே திரும்பும். சாரதி ஒன்றும் செய்யாமலே கார் எதிர்ப்பக்கம் பாயும். சிறு கார்களிலிருந்து கழற்றப்படும் மின்சார 'பவர் ஸ்ரியறிங்' தண்டைப் பொருத்துவது ஓரளவு எளிது. எனினும் தண்டை வெட்டி ஒட்டும்போது சாதாரண வெல்டிங்கை நம்புவது உயிரோடு விளையாடுவதாகும். உரிய இணைப்பு மூட்டுகளே வேண்டும்.

மின்னமைப்பில் ஒரு எச்சரிக்கை. இக்கார்கள் பலவற்றில் பற்றரியின் நேர்முனையே உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். டைனமோவை அகற்றி அல்டர்னேற்றர் பொருத்துபவர் அதனை மறைமுனைக்கு மாற்றாவிட்டால் புதிய பாகம் அக்கணமே எரிந்துபோகும். மூல எஞ்சினையே வைத்திருப்போர் வால்வு ஆசனங்களைக் கடினமானவையாக மாற்றுதல் நன்று. அவை ஈயம் கலந்த பெற்றோலுக்கென அமைந்தவை; இலங்கையில் அப்பெற்றோல் 2002இல் நிறுத்தப்பட்டது.

இனி எஞ்சினுக்கு வருவோம். டீசல் எஞ்சின் மூல எஞ்சினை விடப் பாரமானது. பழைய ஏ 40இல் தனிச் செசி உண்டு, ஓரளவு தாங்கும். மொறிஸ் மைனருக்குத் தனிச் செசி இல்லை, உடலே அதன் எலும்பு. உப்பு அரித்த தகட்டின் மீது பாரத்தை ஏற்றினால் எலும்பு முறியும். தரையைத் தட்டிப் பார்த்து, அழுகிய தகட்டை வெட்டி அகற்றிய பின்னரே எஞ்சினைப் பற்றிப் பேச வேண்டும். வர்ணம் பூசி மறைத்த துருவைக் கண்டு ஏமாந்தவர்கள் எமது வாசகர்களிலும் இருப்பர்.

இறுதியாக, கராஜில் எவரும் பேச விரும்பாத விடயம்: பதிவு. வாகனத்தின் பதிவுச் சான்றிதழில் எஞ்சின் இலக்கமும் செசி இலக்கமும் உள்ளன. எஞ்சினை மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அதனைப் பதிய வேண்டும். விபத்தின் பின்னர் காப்புறுதிக்காரர் இலக்கங்களை ஒப்பிட்டுப் பார்க்கும்போது கண்விழிப்பதில் பயனில்லை. 2022இல் எரிபொருள் கியூஆர் முறை வந்தபோதும் வாகன இலக்கமும் செசி இலக்கமும் ஒத்துவந்தவர்களுக்கே பெற்றோல் கிடைத்தது.

மன்னாரில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. 1990 ஒக்டோபரில் தீவின் முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டபோது, எருக்கலம்பிட்டியிலிருந்து படகேறிக் கற்பிட்டி சென்றவர்கள் காரைக் கொண்டுசெல்ல முடியவில்லை. இந்தியாவுக்குப் படகேறிய தமிழ்க் குடும்பங்களும் விட்டுச் சென்றவை ஏராளம். இவ்வாறு கைமாறிய பழைய வாகனங்களின் பதிவில் இன்றும் முதல் உரிமையாளரின் பெயரே இருக்கக்கூடும். அவரோ அவரது பிள்ளைகளோ புத்தளத்திலோ தமிழகத்திலோ இருக்கலாம். இக்கார்களின் உரிமை மாற்றத்தையும் எஞ்சின் மாற்றத்தையும் மன்னாரிலேயே இலகுவாகச் செய்து முடிக்கத் திணைக்களம் வழிசெய்தல் வேண்டும். காரை வாங்குபவரும், பழைய எஞ்சினைக் கழற்ற ஸ்பானரை எடுப்பதற்கு முன்னர், பதிவிலுள்ள பெயருக்குரியவரைத் தேடி ஒரு தொலைபேசி அழைப்பையாவது எடுக்கலாம்.