தோல் சுவரல்ல, வாசல்!

எங்கள் செங்கோட்டைப் பக்கம் சாரல் ஆரம்பித்துவிட்டால், எண்ணெய் தேய்த்துக்கொண்டு குற்றாலம் அருவியில் நிற்காத குடும்பமே கிடையாது. எண்ணெய் என்றாலே எங்களுக்கு மருந்துதான். அந்த நம்பிக்கைதான் போன ஆடி மாசம் என்னைக் கதிகலங்க வைத்தது.

எட்டு மாதமான என் பையனுக்குச் சளி. ராத்திரி பூரா தூக்கமில்லை. மாமியார் தேங்காயெண்ணெயைச் சுடவைத்து, பூஜை அலமாரியில் இருந்த சூடத்தைப் பொடித்துப் போட்டுக் கொடுத்தார்கள். "நெஞ்சிலயும் முதுகுலயும் நல்லாத் தேச்சு விடும்மா, சளி இளகிரும்" என்றார்கள். தேய்த்தேன். குளிருமே என்று கம்பளியால் சுற்றினேன். சற்றுப் பொறுத்து மறுபடியும் தேய்த்தேன். கொஞ்ச நேரத்தில் குழந்தைக்குக் கண் செருகி, கை கால் வெட்டி வெட்டி இழுத்தது!

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு இழுப்பை நிறுத்தினார்கள். குழந்தையை முகர்ந்ததுமே டாக்டரம்மா, "சூடமா?" என்றார்.

"உள்ளுக்குக் கொடுக்கலையே டாக்டர், மேலதானே தேச்சேன்?" என்று அழுதேன்.

"தோலும் ஒரு வாசல்தாம்மா" என்று விளக்கினார் அவர். தோலின் மேலடுக்கு காகிதத்தைவிட மெல்லியது. செங்கல் அடுக்கிச் சாந்து பூசியதுபோல, செத்த செல்களுக்கு நடுவே கொழுப்பு இருக்கிறது. தண்ணீர் அதில் லேசில் இறங்காது. கொழுப்பில் கரைகிற சின்னஞ்சிறு பொருள் இறங்கி ரத்தத்தில் கலந்துவிடும். நெஞ்சுவலிக்கு மார்பில் ஒட்டுகிற பிளாஸ்திரி வேலை செய்வதும் இப்படித்தான். சூடம் அந்த ரகம். மூளையைத் தாக்கி வலிப்பை உண்டாக்கும். எடையோடு பார்த்தால் கைக்குழந்தையின் தோல்பரப்பு நம்மைப்போல இரண்டு மடங்குக்கு மேல். சூடும் இறுக்கிச் சுற்றிய துணியும் சேர்ந்தால் இன்னும் வேகமாக உள்ளே போகும்.

பெரியவர்களும் தப்பவில்லை. மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில், கோட்டக்கல்லில் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒரு சிறுநீரக நோயோடு வந்த 22 பேரைச் சோதித்தார்கள். 15 பேருக்கு அதிலேயே அபூர்வமான ஒரு வகை. அந்தப் பதினைந்தில் 13 பேர் சிவப்பழகு கிரீம் பூசியவர்கள்! காரணம், கிரீமில் இருந்த பாதரசம்.

சகோதரிகளே, டாக்டரம்மா சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்:

* குழந்தைக்கு வெறும் தேங்காயெண்ணெய் தேய்க்கலாம். சூடமோ பச்சைக் கற்பூரமோ வேண்டவே வேண்டாம்.

* இரண்டு வயதுக்குள் கற்பூரம் கலந்த தைலங்களும் கூடாது.

* தெரியாமல் தேய்த்துவிட்டால் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு டாக்டரிடம் ஓடுங்கள்.

* என்னென்ன கலந்தது என்று அச்சிடாத கிரீமை யார் கொடுத்தாலும் பூசாதீர்கள்.

பையன் இப்போது சுகம். இந்த ஆடியிலும் அவனுக்குச் சளி பிடித்தது. மாமியாரே சூட டப்பாவை எடுத்துப் பரண்மேல் வைத்துவிட்டு, "டாக்டரம்மாகிட்ட போவோம், கிளம்பு" என்றார்கள்.