வீட்டுப் பட்டறைக்கு வேண்டிய கருவிகள்

உத்தியோகத்தின் பொருட்டு ஊர் விட்டு ஊர் செல்லும் குடும்பத்துக்குக் கருவிகள் பல வேண்டா. மோட்டார்க் கொட்டகையின் மூலையில் அடங்கும் சில நல்ல கருவிகளே போதும். சுத்தியல், குறடு, திருப்புளி, அரம், ஸ்பானர், இரும்பறுக்கும் ரம்பம் ஆகிய ஆறும் முதலில் தேவை. பஞ்சாபிலுள்ள ஜலந்தர் இத்தகைய கைக்கருவிகளுக்குப் பெயர் பெற்ற ஊர்.

ஸ்பானர் மரையாணியின் தலையை இறுகப் பற்ற வேண்டும். தளர்ந்திருப்பின் தலையின் விளிம்புகள் மழுங்கும். கை நழுவி விரற்கணுக்கள் காயமுறும். அதனைத் தள்ளாமல் தம்மை நோக்கி இழுப்பதே முறை. ரம்பத்தின் அலகை, பற்கள் முன்னோக்கி இருக்குமாறு பூட்டுக. மெல்லிய தகட்டுக்கு அங்குலத்துக்கு 32 பற்களும், கெட்டியான இரும்புக்கு 18 பற்களும் ஏற்றவை. மெல்லிய தகட்டில் பெரிய பற்கள் சிக்கி ஒடியும்.

பிடியில்லாத அரத்தையும் தலை ஆடும் சுத்தியலையும் தொடற்க. துகள் தெறிக்கும் வேலையில் காப்புக் கண்ணாடி அணியாதிருப்பது கண்ணையே பணயம் வைப்பதாகும்.