அல் பசீனோ: அம்மாவோடு படம் பார்த்த சிறுவன்



'தி கோட்பாதர்' படத்தில் மைக்கேல் கோர்லியோனியாக நடித்த அல் பசீனோவை உங்களில் பலர் அறிவீர்கள். கோர்லியோனி என்பது கதைக்காகக் கட்டிய பெயர் அல்ல. இத்தாலியின் சிசிலித் தீவில் அப்படி ஓர் ஊர் உண்டு. பசீனோவின் அம்மப்பா அந்த ஊரிலிருந்துதான் அமெரிக்காவுக்கு வந்து குடியேறினார்.

பசீனோ 1940 ஏப்ரல் 25ஆம் திகதி நியூயோர்க்கின் கிழக்கு ஹார்லத்தில் பிறந்தார். அவர் குழந்தையாக இருந்தபோதே பெற்றோர் பிரிந்துவிட்டார்கள். அம்மா ரோஸ் பிள்ளையோடு தெற்கு பிரொங்ஸில் இருந்த தாய்வீட்டுக்குத் திரும்பினார். அம்மப்பாவுக்குச் சுவருக்குச் சாந்து பூசும் தொழில். பல நாட்டவரும் நெருக்கமாக வாழ்ந்த ஏழைத் தொழிலாளர் பகுதி அது.

வேலை முடிந்து வரும் ரோஸ் மகனைப் படம் பார்க்கக் கூட்டிப்போவார். மறுநாள் அவன் வீட்டில் எல்லாப் பாத்திரங்களையும் தானே நடித்துக் காட்டுவான். அவனுடைய திறமையைக் கண்ட பள்ளி ஆசிரியை ஒருவர் மாடிப்படி ஏறி வீட்டுக்கே வந்து, "இவனை நடிக்க விடுங்கள்" என்ற கருத்தில் அம்மம்மாவிடம் பேசினார்.

ஆனால் நடிப்பையே தொழிலாக்கப் போகிறேன் என்றதும் அம்மா சம்மதிக்கவில்லை. வாடகைக்கே திண்டாடும் குடும்பத்துக்கு அது கைக்கெட்டாத ஆசை அல்லவா? தகராறு முற்றி, படிப்பையும் இடையில் விட்டிருந்த பசீனோ வீட்டைவிட்டு வெளியேறினார். தூதுவராக ஓடினார், உணவகத்தில் மேசை துடைத்தார், கட்டடம் கூட்டினார். அந்தக் காசில் நடிப்புப் பயின்றார். அவரோடு தெருவில் திரிந்த நண்பர்கள் சிலரைப் போதைப்பொருள் கொண்டுபோனது.

1962இல் ரோஸ் 43 வயதில் காலமானார். மறு வருடம் அம்மப்பாவும் போய்விட்டார். பசீனோவுக்கு 1966இல் அக்டர்ஸ் ஸ்டூடியோவில் இடம் கிடைத்தது; 1969இல் நாடகத்துக்கான டோனி விருது கிடைத்தது. 'கோட்பாதர்' வெளிவந்தது 1972இல். அந்த வெற்றியைக் காண அம்மா இல்லை.

2024இல் வெளிவந்த தன் வாழ்க்கைக் கதைக்கு அவர் வைத்த தலைப்பு 'சன்னி பாய்'. அம்மா அவரைச் செல்லமாகக் கூப்பிட்ட பெயர் அது.

நேயர்களே, புலம்பெயர்ந்த வீடுகளில் "இதெல்லாம் சோறு போடுமா?" என்ற கேள்வி எழுவது இயல்பு. ரோஸின் பயமும் நியாயமானதே. ஆனால் மகனுக்கு அந்த ஆசையை முதலில் ஊட்டியதும் அவர்தான். பயம் ஒருபுறம் இருக்கட்டும். பிள்ளை நடித்துக் காட்டும்போது பத்து நிமிடம் உட்கார்ந்து பார்ப்போம். அதற்குச் செலவு ஒன்றும் இல்லை.