உரைப்பதிப்பியில் வழிகாட்டி நூல்கள்: காட்சி வேகம் பற்றிய சில குறிப்புகள்

கணினியின் வேகம் பற்றிய பேச்சு நம்மிடையே பெரும்பாலும் புதிய பொறி வாங்குவது பற்றிய பேச்சாகவே முடிந்துவிடுகின்றது. வேகத்தைப் பொறியின் இயல்பாக மட்டும் கருதும் இப்பார்வை சரக்கு விற்போருக்கு உவப்பானது; மெய்நிலையை மறைப்பது. ஒரு பக்கம் திரையில் தோன்றத் தாமதிக்குமாயின், எந்த வேலை, எங்கு, எத்தனை தடவை செய்யப்படுகின்றது என்பதே முதல் வினாவாதல் வேண்டும். உரைப்பதிப்பியினுள் வழிகாட்டி நூல்கள் காட்டப்படும் முறையை இந்நோக்கில் ஆராய்வோம்.

கென் தொம்சன், டெனிஸ் றிச்சி ஆகியோர் பெல் ஆய்வுகூடத்தில் உருவாக்கிய யுனிக்ஸின் வழிகாட்டி 1971 நவம்பரில் வெளிவந்தது. அதன் பக்கங்கள் குறியீடுகள் இடப்பட்ட மூலமாகச் சேமிக்கப்பட்டன. வாசகர் கேட்கும்போதெல்லாம் 'என்றோஃப்' போன்றதொரு செய்நிரல் அவற்றை வரிவரியாக ஒழுங்குபடுத்தித் தந்தது. தடித்த எழுத்தைக் காட்ட, எழுத்தை அடித்து, ஓரிடம் பின்வாங்கி, மீண்டும் அதே எழுத்தை அடிப்பது வழக்கு. தாளில் அடிக்கும் தொலையச்சுப் பொறிக்கு இது பொருத்தமே. அப்பொறி மறைந்தபின்னும் அதன் பழக்கம் மறையவில்லை. ஈமாக்ஸ் என்னும் பதிப்பி இத்தகைய பக்கத்தைப் பெறும்போது, இவ்விரட்டை அடிகளைத் தேடிக் களைந்து, தன்னுடைய எழுத்துத் தோற்றமாக மாற்றவேண்டியுள்ளது. வாசகர் இரு தடவை காத்திருக்கின்றார்: வடிவமைப்புக்கு ஒன்று, அதனைக் களைந்து மீள அணிவதற்கு இன்னொன்று.

முதற் காத்திருப்புக்கு யுனிக்ஸ் மரபு கண்ட பரிகாரம், வடிவமைத்த பக்கங்களை முன்கூட்டியே சேமித்து வைத்தல். மறுபதிப்பை எதிர்பார்க்கும் அச்சகம் கோத்த எழுத்தைக் கலைக்காது வைத்திருப்பதை இது ஒத்தது. ஒருமுறை செலவிட்ட உழைப்பு அடுத்த வாசகருக்கும் பயன்படுகின்றது. எனினும் கோத்த பக்கத்தின் அகலம் மாறாது. மூலம் திருத்தப்பட்டால் சேமித்த படி பழசாகிவிடும். குனூ இயக்கத்தின் 'இன்ஃபோ' முறை இன்னும் ஒருபடி சென்றது. அங்கு நூல் முழுவதும் முன்னரே வடிவமைக்கப்படுகின்றது. ஒவ்வொரு பகுதியும் எந்த இடத்தில் தொடங்குகின்றது என்னும் அட்டவணை கோப்பிலேயே இணைக்கப்படுகின்றது. பெருநூல் ஏறத்தாழ 3,00,000 பைட்டுக் கொண்ட துண்டுகளாகப் பிரிக்கப்படுகின்றது. வாசகர் கேட்ட பகுதிக்காக நூல் முழுவதையும் துருவவேண்டியதில்லை.

2001இல் வெளிவந்த ஈமாக்ஸ் 21இன் வழி வேறு. உரைக்கு நிறமும் தடிப்பும் ஊட்டும் வேலையை அது திரையில் தெரியும் பகுதிக்கு மட்டும் உடன் செய்து, எஞ்சியதை வாசகர் அங்கு செல்லும்வரை ஒத்திப்போட்டது. காணாத பக்கத்துக்காக எவரும் காத்திருக்கத் தேவையில்லை என்ற எளிய உண்மையே இதன் அடிப்படை. மேற்கூறியவற்றுள் நாம் மிகப் பெரிதாக மதிப்பது இதனையே.

இனித் தமிழுக்கு வருவோம். 'கொள்ளுப்பிட்டி' என்ற ஊர்ப்பெயரை எடுத்துக்கொள்வோம். நம் கணக்கில் அது ஏழு எழுத்து. ஒருங்குறியில் பதினான்கு குறியீடு. யூரிஎவ்-8 முறையில் 42 பைட்டு. திரையிலோ முதலெழுத்தின் கொம்பு ககரத்துக்கு முன்னும் கால் பின்னும் வந்தமரவேண்டும். குறியீடுகளின் வரிசை வேறு, கண் காணும் வரிசை வேறு. இவ்விரண்டையும் இணைக்கும் வேலையை ஈமாக்ஸ் 2020இல் வெளிவந்த 27ஆம் பதிப்பு முதல் பெரும்பாலும் ஹார்ஃப்பஸ் என்னும் நிரலகத்திடம் ஒப்படைக்கின்றது. கோத்த எழுத்துத்தொடரை நினைவகத்தில் வைத்து, அதே தொடர் மீண்டும் வரும்போது எடுத்தாள்கின்றது.

சிக்கல் வரி மடிப்பில் முற்றுகின்றது. சம அகல இலத்தீன் எழுத்தாயின், எண்ணிப் பார்த்தே வரியை முறிக்கலாம். தமிழ்ச் சொல்லின் அகலம் கோத்தபின்னரே தெரியும். ஈமாக்ஸில் இணையப்பக்க வடிவிலான நூல்களைக் காட்டும் 'ஷர்' என்ற பகுதி, வேண்டுமாயின் அகலத்தை அளப்பதை விடுத்து எழுத்திடங்களை மட்டும் எண்ணும். விரைவு கூட்டுவதற்கு இதனைப் பரிந்துரைப்போர் உளர். ஆங்கில நூலுக்கு இதனால் நட்டமில்லை. தமிழ் நூலிலோ வரியோரம் குலைகின்றது. ஒரு மொழியின் எழுத்தியல்பை எல்லா மொழிக்கும் பொதுவிதியாகக் கொண்டு பெறப்படும் வேகம், அவ்வியல்பு இல்லாதோரின் செலவிலேயே பெறப்படுகின்றது. இதனைத் தொழினுட்ப நுணுக்கம் என்று ஒதுக்கிவிட நாம் உடன்படவில்லை. பழைய பொறிகளில் கற்கும் நம் மாணவர் ஆங்கில வழிகாட்டிக்கே திரும்புவதற்கு, மொழிப்பற்றின்மையைவிட இத்தகைய தாமதம் வலுவான காரணமாகலாம்.

அகலத்தை அளக்கும் வேலையைக் கைவிடாமல், ஒருமுறை அளந்த சொல்லின் அகலத்தைச் சேமித்து, திரையில் தெரியும் பத்தியை மட்டும் முதலில் மடித்து, எஞ்சியதை ஒத்திப்போடுவதே தமிழுக்குப் பொருந்தும் வழி. இதற்கு வேண்டிய உறுப்புகள் யாவும் மேலே கண்ட முறைகளில் ஏற்கெனவே உள்ளன. ஈமாக்ஸின் மூலநிரலும் எவரும் திருத்தக்கூடியதாகத் திறந்தே கிடக்கின்றது.