பதினைந்து பேரும் ஆட வேண்டும்

கல்லூரிக் கிரிக்கெட் அணிக்குப் பொறுப்பாசிரியராக இருந்தவர்கள் ஒரு காட்சியை நன்கறிவர். ஆட்டக்களத்தின் ஓரத்தில், வேப்பமர நிழலிலே, மடிப்புக் கலையாத வெண்ணுடையுடன் ஒரு பையன் அமர்ந்திருப்பான். அவன் பன்னிரண்டாவது ஆட்டக்காரன். இடைவேளையில் தண்ணீர் கொண்டு செல்வான். துடுப்பு முறிந்தால் வேறொன்றை எடுத்துக்கொண்டு ஓடுவான். மாலையில் உடையில் ஒரு புற்கறையும் படாமல் வீடு திரும்புவான். "இண்டைக்கு எத்தனை ஓட்டம், ராசா?" என்று தாய் கேட்டால் அவன் என்ன மறுமொழி கூறுவான்? நாம் அதனை எண்ணிப் பார்ப்பதில்லை. நமது கவலையெல்லாம் மறுநாட் பத்திரிகையில் வெளிவரப்போகும் வெற்றிச் செய்தியைப் பற்றியதே.

இதனை எண்ணிப் பார்த்த ஒருவர் உளர். அவர் இந்தியாவின் ராகுல் திராவிட். 1996 ஆம் ஆண்டில் லோர்ட்ஸ் மைதானத்தில், தமது முதல் டெஸ்ட் ஆட்டத்திலேயே 95 ஓட்டங்கள் எடுத்தவர். 164 டெஸ்ட் ஆட்டங்களில் 13,288 ஓட்டங்கள் குவித்து 2012 இல் ஓய்வு பெற்றவர். இத்தகைய ஒருவர் 2015 இல் இளைஞர்களைப் பயிற்றுவிக்கும் பணியை விரும்பி ஏற்றார். இந்திய 'ஏ' அணியும் 19 வயதுக்குட்பட்டோர் அணியும் அவர் கையில் ஒப்படைக்கப்பட்டன.

அவர் வகுத்துக்கொண்ட முதல் விதி மிக எளியது. 'ஏ' அணியுடன் சுற்றுப்பயணம் வரும் எவனும் ஓர் ஆட்டமாயினும் ஆடாமல் வீடு திரும்பமாட்டான் என்று, புறப்படும்போதே பிள்ளைகளிடம் கூறிவிடுவார். 19 வயதுக்குட்பட்டோர் அணியிலும் ஆட்டத்துக்கு ஆட்டம் ஐந்தாறு பேரை மாற்றி எல்லோருக்கும் இடமளிக்க முயன்றார். இவ்விதி அவருடைய சொந்த அனுபவத்திற் பிறந்தது. இளமையில் அவரும் இத்தகைய பயணங்களிற் சென்று, ஆட வாய்ப்பின்றித் திரும்பியவரே. ஒரு பருவம் முழுவதும் வருந்தி எழுநூறு எண்ணூறு ஓட்டங்கள் சேர்த்து ஒருவன் அணியில் இடம் பெறுகிறான். அங்கே ஆடவிடாமல் அவனை இருத்திவிட்டால், தெரிவாளர்களின் கண்ணில் அவன் மீண்டும் தொடங்கிய இடத்திலேயே நிற்கிறான். அடுத்த பருவத்தில் அந்த எண்ணூறு ஓட்டங்களையும் திரும்ப எடுத்தாக வேண்டும். எடுப்பான் என்பதற்கு யார் உறுதி கூறுவது?

அப்படியாயின் தோல்வி வாராதா என்று சிலர் வினவலாம். தோல்வியும் வந்ததுண்டு. 2016 இல் வங்காளதேசத்தில் நடைபெற்ற இளைஞர் உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் மேற்கிந்தியர் இந்தியாவை ஐந்து விக்கெட்டுகளால் வென்றனர். வேறொரு பயிற்சியாளராயின் அடுத்த கிண்ணத்துக்கு அதே பையன்களில் வயது மீறாதவர்களைக் காத்து வைத்திருப்பார். திராவிடோ இதற்கு நேர்மாறான கருத்துடையவர். அவர் கருத்தைத் தழுவி, ஒருவர் ஒரேயொரு இளைஞர் உலகக் கிண்ணத்திலேயே ஆடலாம் என்று இந்தியக் கிரிக்கெட் கட்டுப்பாட்டுச் சபை அவ்வாண்டே விதி செய்தது. இதன் பயனைச் சென்னை வாசிங்டன் சுந்தரிடம் கண்டோம். 2016 இல் ஆடிய அவருக்கு 2018 கிண்ணத்திலும் ஆட வயது இருந்தது, விதி இடந்தரவில்லை. ஆனால் 2017 டிசம்பரில், பதினெட்டு வயதில், அவர் பெரியோர் அணியிலேயே சேர்க்கப்பட்டார். மொகாலியில் அவர் முதன்முதல் எதிர்த்தாடியது நமது இலங்கை அணியைத்தான்!

வயதைப் பற்றி அவர் 2015 டிசம்பரில் பட்டோடி நினைவுரையில் பேசியதைப் பெற்றோர் யாவரும் அறிந்திருத்தல் நன்று. பிறப்பத்தாட்சிப் பத்திரத்தை மாற்றி, வயது மீறிய பையனை இளையோர் அணியிற் புகுத்தும் தீமையை அவர் கடுமையாகச் சாடினார். பெற்றோரும் பயிற்சியாளரும் கூடிப் பொய்ப்பத்திரம் செய்வதைக் கண்டு வளரும் பிள்ளை, தானும் ஏமாற்றத்தானே கற்றுக்கொள்வான் என்பது அவர் கேள்வி. அவனால் இடமிழந்து போகும் நேர்மையான பையனின் நிலையோ இன்னும் பரிதாபமானது.

2018 ஜனவரியில் அவருடைய பிள்ளைகள் நியூசிலாந்தில் உலகக் கிண்ணத்துக்கு ஆடிக்கொண்டிருந்தனர். அரையிறுதிக்குச் சில நாட்களே இருக்கையில் இந்தியாவில் ஐ.பி.எல். ஏலம் நடைபெற்றது. பத்தொன்பது வயதும் நிரம்பாத பையன்களுக்குக் கோடிக்கணக்கில் விலை கூறப்படுகையில் எவருடைய மனந்தான் நிலைகொள்ளும்? ஏலம் ஆண்டுதோறும் வரும், இந்த வாய்ப்போ மீண்டும் வாராது என்பதே திராவிட் அவர்களுக்கு உணர்த்தியது. அரையிறுதியில் பாகிஸ்தான் 69 ஓட்டங்களுக்குச் சுருண்டது. பெப்ரவரி 3 ஆம் நாள் அவுஸ்திரேலியாவை எட்டு விக்கெட்டுகளால் வென்று கிண்ணத்தைக் கைப்பற்றினர்.

பின்னர் நடந்தது எமக்கு வெற்றியினும் பெரிதாகத் தோன்றுகிறது. திராவிடுக்கு 50 இலட்சம், ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் 30 இலட்சம், துணைப் பயிற்சியாளர் முதலியோருக்கு 20 இலட்சம் என்று சபை பரிசு அறிவித்தது. தமக்கு மட்டும் ஏன் மிகுதி என்று அவர் கேட்டார். முடிவில், அவருக்கும் துணைநின்றோருக்கும் சமமாக 25 இலட்சம் என மாற்றப்பட்டது. அவர் பங்கு பாதியாகக் குறைந்தது. முந்திய ஆண்டிற் பணியாற்றியோரும், இடையில் இறந்துபோன உடற்பயிற்சியாளரின் குடும்பமும் அப்பட்டியலிற் சேர்ந்தனர்.

இம்முறையை அப்படியே நம் கல்லூரிகளுக்குக் கொண்டுவரலாமா என்பதில் எமக்கு ஐயமுண்டு. பழைய மாணவர் கூட்டமாக வந்து பார்க்கும் பெரும் போட்டியில், வெற்றி தோல்வி இரண்டாம் பட்சம் என்று கூறிவிட்டு ஆசிரியர் நிம்மதியாக உறங்க முடியாது. திராவிடும், பின்னர் 2021 முதல் 2024 வரை பெரியோர் அணியைப் பயிற்றியபோது, திறமை மிக்க பதினொருவரையே ஆடவிட வேண்டியிருந்தது. ஆயினும் ஆண்டில் நாம் ஆடும் ஆட்டங்களெல்லாம் பெரும் போட்டிகளா? நட்புறவு ஆட்டங்களிலுமா அதே பதினொருவர்?

இவற்றையெல்லாம் படித்த ஓரிரவு, பழைய ஓட்டப் புத்தகமொன்றை எடுத்துப் புரட்டினோம். நாம் பொறுப்பாயிருந்த ஒரு பருவத்தில் ஒன்பது ஆட்டங்கள். வேப்பமர நிழலில் இருந்த அந்தப் பையனின் பெயரை முதற் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை தேடினோம். ஒரேயோரிடத்தில், மாற்று ஆட்டக்காரனாகப் பிடித்த ஒரு பந்தின் எதிரே அது இருந்திருக்க வேண்டும். ஆங்கே பெயருமில்லை, 'மாற்று' என்று மட்டும், எமது கையெழுத்திலேயே, எழுதப்பட்டிருந்தது.